நான் தட்டிவிட்ட பனி

என்னோடு பிறக்காமல் என்னோடு வளர்ந்த என் மச்சான் தேசிங்குவுக்கு,

நீ போய் இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. நம் தெருப் படிப்பகத்துக்காரர்கள் ஆண்டு மலர் போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பேப்பரை உரக்கப் படித்துக் காட்டியவன் என்று உனக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டார்கள். மச்சான்காரன், நல்லதாக நாலு வார்த்தை எழுதுவான் என்று அவர்களுக்கு நம்பிக்கை.

நானும் பேனாவை எடுத்து, சிரித்த முகம், குளிர்ந்த மனம் என்றெல்லாம் ஆரம்பித்தேன். இரண்டு வரி தாண்டவில்லை. இதை நீயே படிப்பகத்தில் உரக்கப் படித்தால் எந்த இடத்தில் நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்ப்பாய் என்று ஒரு யோசனை வந்தது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது வேறு தாள். ஒரு பக்கத்தில் அடங்காது. எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், பனியைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் வெட்டாதீர்கள் என்று சொல்லித்தான் கொடுக்கப் போகிறேன்.

முதலில் செய்தி. விஷயத்துக்கு வருவதற்கு முன்னால் உனக்கு நாலு செய்தி வேண்டும். ரேஷன் கடை வரிசை இன்னும் சந்து திரும்பி நிற்கிறது. நீ தள்ளுவண்டி நிறுத்தின சிவாஜிநகர் மார்க்கெட் மூலையில் இப்போது ஒருவன் வெள்ளரிக்காய் விற்கிறான், நல்ல குரல். உனக்குப் பிடிக்கிற செய்தி ஒன்று உண்டு. நாம் பை தூக்கிய கோல்ப் மைதானத்தில் கிரீனுக்கு வந்துவிட்ட பந்தை இப்போது யாரும் எடுத்துத் துடைத்துத் திரும்ப வைக்கலாம். சட்டமே மாறிவிட்டது. நம் காலத்தில் சும்மா விரல் பட்டாலே குற்றம் என்று நடுங்குவோமே, இப்போது ஒவ்வொருவரும் ஜோபியில் துணி வைத்துக்கொண்டு பாத்திரம் துடைக்கிற மாதிரி துடைக்கிறார்கள்.

மாறாததும் உண்டு. துரைகள் வெள்ளையாக இருந்தபோது நம்மைப் 'பாய்' என்றார்கள், பையன் என்று. நம் ஊர்க்காரர்கள் துரையான பிறகும் 'பாய்'தான். எனக்கு நாற்பத்தெட்டு வயது ஆகிறது, மச்சான். நேற்றுகூட ஒருவர் 'பாய்' என்று கூப்பிட்டார். நான் ஓடினேன்.

மலரைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த ஆட்டம் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். பெரிய மைதானம். தூரத்தில் ஒரு குழி, குழிக்குள் ஒரு கொடி. மட்டையால் அடித்து அடித்துப் பந்தைக் குழிக்குள் போட வேண்டும். யாருக்கு அடி குறைவோ அவர் ஜெயித்தார். குழியைச் சுற்றிப் பாய் விரித்த மாதிரி ஒட்ட வெட்டிய புல் இருக்கும், அதற்குக் கிரீன் என்று பெயர். மட்டைப் பையைச் சுமந்துகொண்டு பின்னால் போகிறவன் கேடி. நீயும் நானும் அதுதான். என் தங்கை ருக்குவை உனக்குக் கட்டித் தரலாமா என்று பேச்சு வந்தபோது, "கேடிப் பயலுக்கா எம் பொண்ணு? போலீஸ் வந்து தேடவா?" என்று அம்மா கேட்டதும், "பெத்த புள்ளையும் கேடிதான் அத்தை, ஒரே ஸ்டேஷன்ல தேடட்டும்" என்று நீ சொன்னதும் ஞாபகம் இருக்கிறதா? அம்மா சிரித்துவிட்டாள். அன்றைக்கே கல்யாணம் முடிந்த மாதிரி.

ஆட்டம் எப்படியோ போகட்டும், கிரீன் மேல் ஏறிவிட்டால் அவர்களுடைய மரியாதையைப் பார்க்க வேண்டும். ஒருவர் பந்துக்கும் குழிக்கும் நடுவில் இருக்கிற புல்லை மற்றவர் மிதிக்க மாட்டார். சுற்றிக்கொண்டு போவார். தன் நிழல்கூட அந்தப் பாதையில் விழாமல் ஒதுங்கி நிற்பார். எதிராளி குனிந்துவிட்டால் இருமல் வந்தாலும் விழுங்குவார். பந்து குழிக்கு ஒட்டினாற்போல் நின்றால், "போதும், எடுத்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுக்கொடுப்பார். முடிந்ததும் தொப்பியைக் கழற்றிக் கை கொடுப்பார்கள். கல்யாண வீட்டில் சம்பந்திகள்கூட அப்படி நடந்துகொள்வதில்லை.

அந்த மரியாதையை அவர்களைவிட நன்றாகக் கற்றுக்கொண்டவன் நீ. வெள்ளைக்காரத் துரைகள் இருந்த காலத்தில் ஒரே வாரத்தில் நாம் இரண்டு பேரும் வேலைக்குச் சேர்ந்தோம். நான் பை தூக்கக் கற்றுக்கொண்டேன், நீ நடக்கக் கற்றுக்கொண்டாய். கிரீன் ஓரத்தில் செருப்பை விடுவாய். இரண்டு பந்தும் எங்கே இருக்கிறது என்று ஒரு முறை பார்ப்பாய். பிறகு எந்தப் பாதையையும் வெட்டாமல் வளைந்து வளைந்து கொடியிடம் போய், துணி படபடக்காமல் கம்போடு சேர்த்துப் பிடித்து நிற்பாய். தேசிங்கு கொடி பிடித்தால் காற்றுக்கே தெரியாது என்று துரைகள் சொல்வார்கள். பேர் சொல்லி உன்னைக் கேட்டு வாங்குவார்கள். உன் காலுக்கு அத்தனை நல்ல பேர் இருந்தது. அதைத்தான் நான் எடுத்துவிட்டேன்.

சொல்லிவிட்டேன். இனி மிச்சத்தையும் சொல்ல வேண்டியதுதான்.

பத்து வருஷம் முன்னால் நடந்த கோப்பைப் போட்டி. நாம் பைப் துரை என்று கூப்பிடுகிறவரும் பச்சைத் தொப்பி என்று கூப்பிடுகிறவரும் மோதினார்கள். நான் பைப் துரையின் கேடி, நீ பச்சைத் தொப்பியின் கேடி. மொத்தம் பதினெட்டு குழி, பதினேழு வரை சமம். இருட்டிவிட்டது. பாக்கி இருக்கிற ஒரு குழியை மறுநாள் காலையில் ஆடி முடித்துக்கொள்வோம், பிறகு ஆபீஸ் போக வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். அதனால்தான் நாம் அவ்வளவு சீக்கிரம் போனோம். வேடிக்கை பார்க்க ஒருவரும் இல்லை.

புல்லைப் பார்த்துக்கொள்கிற மாலி அனுமந்தப்பாவும் வந்திருக்கவில்லை. அவன் தினமும் செய்கிற முதல் வேலை பனி தட்டுவது. நீளமான மூங்கில் கழியைப் புல் மேல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வீசினால் பனித்துளி எல்லாம் உதிர்ந்து கிரீன் காய்ந்துவிடும். அன்று கழி மரத்தடியில் சாய்ந்திருந்தது. கிரீன் முழுக்க வெள்ளையாகப் பனி. அதன் மேல் பந்து ஓடினால் கோடு விழும். ஆள் நடந்தால் அடி அடியாகத் தடம் விழும். பைப் துரை பூட்ஸ் ஒரு பக்கம், பச்சைத் தொப்பி பூட்ஸ் ஒரு பக்கம், உன் வெறுங்கால் ஒரு பக்கம். சிலேட்டில் எழுதின மாதிரி இருந்தது.

இரண்டு பேரும் ஒரே எண்ணிக்கையில் கிரீனுக்கு வந்திருந்தார்கள். பச்சைத் தொப்பியின் பந்துதான் தூரம், அதனால் அவர் முதலில் அடித்தார். நீ கொடியைப் பிடித்து, பந்து வரும்போது கொடியை எடுத்துக்கொண்டு விலகினாய். பந்து குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. "போதும், எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் பைப் துரை. பச்சைத் தொப்பி நன்றி சொல்லிவிட்டுப் பந்தை எடுக்கக் குனிந்தார், முதுகு இந்தப் பக்கம். நீ கொடியை அந்தப் பக்கத்து ஓரத்தில் படுக்க வைத்துக்கொண்டிருந்தாய்.

பைப் துரையின் பந்து குழிக்கு ஆறடியில் இருந்தது. ஒரே அடியில் போட்டால் ஜெயம். இரண்டு அடி ஆனால் சமம், மறுபடி ஆட வேண்டும். அவர் மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தார். கை தவறியது. மட்டை பட்டுப் பந்து நாலு விரல் அளவு நகர்ந்தது. நான் பத்தடி தூரத்தில் பையோடு நின்றுகொண்டிருந்தேன். என் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

இதற்குச் சட்டம் உண்டு. தன் பந்தைத் தானே நகர்த்திவிட்டால் தன் எண்ணிக்கையில் ஓர் அடி கூடும். எதிராளியோ அவருடைய கேடியோ நகர்த்தினால் எதிராளியின் எண்ணிக்கையில் ஓர் அடி கூடும். யாரும் பார்க்காவிட்டாலும் தானாகவே சொல்லிவிட வேண்டும், அதுதான் இந்த ஆட்டத்தின் அழகு என்று அவர்களே பெருமை அடித்துக்கொள்வார்கள்.

பைப் துரை தானாகவே சொன்னார். "உங்கள் கேடி கொடியை எடுத்துக்கொண்டு போகும்போது என் பந்தைக் காலால் தட்டிவிட்டான்" என்று சொன்னார்.

பச்சைத் தொப்பி திரும்பினார். அவர் நம் பக்கத்து மனிதர், உன்னிடம் தமிழில்தான் பேசுவார். "என்ன தேசிங்கு, கால் பட்டுதா?"

"இல்லீங்க தொரை. நான் அந்தப் பக்கமே போகலைங்க. பனியப் பாருங்க" என்று சொன்னாய். உன் குரல் ஏறக்கூட இல்லை. எதிரிலேயே எழுதியிருக்கும்போது குரலை ஏற்றுவானேன் என்று நினைத்திருப்பாய்.

அவர் பார்த்தார், மச்சான். நான் அவர் கண்ணையே கவனித்துக்கொண்டிருந்தேன். உன் தடம் குழியிலிருந்து கிளம்பி, பின்பக்கமாக வளைந்து, கொடி கிடந்த ஓரத்துக்குப் போயிருந்தது. பந்துக்கும் உன் தடத்துக்கும் நடுவில் ஒரு கட்டில் போடலாம். அவர் கண் அந்தத் தடத்தின் மேல் பாதி தூரம் போனது. பிறகு சட்டென்று தலையைத் தூக்கிவிட்டார். ஒரு மெம்பர் சொன்ன பிறகு சரிதானா என்று தரையைப் பார்ப்பது மரியாதை இல்லையாம். "உங்கள் வார்த்தை போதும்" என்று பைப் துரையிடம் சொல்லிவிட்டுத் தன் எண்ணிக்கையில் ஓர் அடி கூட்டிக்கொண்டார்.

எனக்குப் பைப் துரை மேல் இருக்கிற ஆத்திரத்தைவிட இந்த மனிதர் மேல் இருக்கிற ஆத்திரம் பெரிது. அந்த ஆள் திருடன், விட்டுவிடலாம். இவர் நல்லவர். தன் கையில் இருந்த கோப்பையையே விட்டுக்கொடுத்தார். தன் கோப்பையோடு உன் பேரையும் சேர்த்து விட்டுக்கொடுக்கிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லையா? தோன்றியும் பேசாமல் இருந்தாரா? இரண்டில் எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பைப் துரை முதல் அடியில் குழியைத் தவறவிட்டார். இரண்டாவது அடியில் போட்டார். பச்சைத் தொப்பிக்கு ஓர் அடி கூடியிருந்ததால் அதுவே போதுமாக இருந்தது. தொப்பியைக் கழற்றினார்கள், கை கொடுத்துக்கொண்டார்கள். நீ மட்டும் நகரவில்லை. "கிளப் செகரெட்டரி தொரையக் கூப்பிடுங்க. அவரு வந்து பனியப் பாக்கட்டும். பாத்துட்டு என்ன சொன்னாலும் சரிங்க" என்றாய். ஒரு கேடி அப்படிக் கேட்டு நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. பச்சைத் தொப்பிக்கு முகம் சிவந்துவிட்டது. சரி என்று செகரெட்டரியைக் கூப்பிட அவரே கிளம்பிப் போனார்.

இனி எழுதப் போவதை நீ பார்த்தவன். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

பைப் துரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயிலிருந்த பைப்பை எடுத்து அதன் காம்பால் மரத்தடியைக் காட்டினார். அங்கே மூங்கில் கழி இருந்தது. அவ்வளவுதான். நான் பையைக் கீழே வைத்தேன். போய்க் கழியை எடுத்தேன்.

நீ கிரீன் ஓரத்தில் குந்தியிருந்தாய். நான் வருவதைப் பார்த்ததும் முதலில் உனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. "மச்சான், கொஞ்ச நேரம் பொறுடா" என்றாய். கெஞ்சவில்லை. வீட்டில் சோறு கொதிக்கும்போது சொல்வாயே, அந்தக் குரல்தான்.

நான் பொறுக்கவில்லை. பந்து கிடந்த இடத்தில் ஆரம்பித்து, குழியைச் சுற்றி, கொடி கிடந்த ஓரம் வரை வீசினேன். எப்போதும் மாலி செய்வதைவிடச் சுத்தமாகச் செய்தேன். உன் ஒவ்வொரு அடியும் கழி படும்போது உதிர்ந்து போனது. கடைசித் தடத்தில் ஐந்து விரலும் தெளிவாக இருந்தன. அதன் மேல் இரண்டு தரம் வீசினேன்.

செகரெட்டரி வந்தபோது கிரீன் பச்சைப் பசேல் என்று இருந்தது. அவர் உன்னைக் கேட்டார். நீ சொன்னாய். "எங்கே மேன் பனி?" என்றார். நீ என்னைக் காட்டிக் கொடுப்பாய் என்று நினைத்தேன். நீ கழியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பி, "நீ பாத்தியா மேன்?" என்று கேட்டார். "இல்லீங்க தொரை. நான் பைய சரி பண்ணிட்டு இருந்தேங்க" என்றேன். மெம்பர் மேல் பொய்ப்புகார் சொன்னான் என்று அன்றைக்கே உன் சட்டையில் இருந்த கேடி வில்லையைக் கழற்றி வாங்கிக்கொண்டு வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

ஏன் செய்தேன் என்று பத்து வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயம் என்று சொல்லிப் பார்த்தேன். பழகின கை என்று சொல்லிப் பார்த்தேன், காம்பு நீட்டிய பக்கம் ஓடிப் பழகின கை. இரண்டும் பொய்யில்லை. ஆனால் அடுத்த வருஷம் பைப் துரை சிபாரிசில் என்னைக் கேடி மேஸ்திரி ஆக்கினார்கள் என்பதும் பொய்யில்லை. கழியை எடுக்கப் போன அந்தப் பத்தடியில் மேஸ்திரி வேலை என் மனதில் வந்து போனதா என்று கேட்டால், வந்தது. சீ என்று இருக்கிறது. எழுதும்போதே இருக்கிறது.

நீ தள்ளுவண்டிக்குப் போனாய். வெயிலில் நின்றாய், மழையில் நின்றாய், கீரையும் முருங்கைக்காயும் விற்றாய். பொங்கலுக்கு எப்போதும் போல என் வீட்டுக்கு வந்தாய். என் இலைக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டாய். ஒரு நாள், ஒரே ஒரு நாள், மோர் ஊற்றிக்கொண்டே, "பனி இப்பவும் அப்படியேதான் விழுதா மச்சான்?" என்று கேட்டாய். நான் சாதத்தைப் பிசைந்துகொண்டே விழுகிறது என்றேன். நீ சரி என்றாய். அது என்ன கேள்வி, மச்சான்? என்னை மன்னித்துவிட்டுக் கேட்டாயா, மறக்காதே என்று குத்திக் காட்டினாயா? என் சட்டையைப் பிடித்து நாலு அறை அறைந்திருந்தால் நான் தூங்கியிருப்பேன். உன் மேல் எனக்குக் கோபம் உண்டு. செத்தவன் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள், படுகிறேன்.

நீ ருக்குவிடமும் சொல்லவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விட மோசம். அவளுக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரிந்ததுதான். புருஷன் கவனமில்லாமல் துரையின் பந்தை எத்திவிட்டு, எத்தவில்லை என்று சாதித்து, வேலையைத் தொலைத்தான். வண்டி விற்காத நாளில் எல்லாம் அவள் வாயில் உன் கால்தான். "கால ஒழுங்கா வெச்சிருந்தா இந்தக் கதி வருமா?" என்று நான் இருக்கும்போதே கேட்பாள். நீ காலை மடக்கி வேட்டிக்குள் இழுத்துக்கொண்டு பேப்பரைப் பிரிப்பாய். நான் காபியைக் குடித்து முடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். அவளுக்கு அண்ணன் ஒருவன் மிச்சம் இருக்கட்டும் என்றுதான் நீ வாயைத் திறக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. மஞ்சள் காமாலை வந்து படுத்து, கடைசியாக என் கையைப் பிடித்தபோதும் வேறு எதையோதான் பேசினாய்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மைதானத்தில் உன் பேர் இன்னும் போகவில்லை. கிரீனில் எவனாவது தவறாகக் கால் வைத்தால், பந்துப் பாதையை மிதித்தால், கேடிகள் அதற்கு ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். 'தேசிங்கு காலு' என்பார்கள். "டேய், தேசிங்கு காலு வெச்சிட்டான்டா" என்று கூவிச் சிரிப்பார்கள். உன்னைப் பார்க்காதவன் எல்லாம் சொல்கிறான். உன்னைப் போல நடக்க ஒருவனாலும் முடியாது, உன் பேரைத்தான் வழுக்கி விழுகிறவனுக்கு வைத்திருக்கிறார்கள். மேஸ்திரி நான். ஒரு அதட்டுப் போட்டால் நின்றிருக்கும். போடவில்லை. ஒரு தடவை, புதிதாக வந்த ஆள் ஒருவனை என் வாயாலேயே அப்படித் திட்டியும் இருக்கிறேன். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன், கடித்து என்ன?

போன மாதம் ருக்கு மைதானத்துக்கு வந்தாள். உன் வருஷத் திதியை எப்படிச் செய்வது என்று கேட்க வந்தவள், கேட்டுக்கு வெளியே மரத்தடியில் எனக்காக நின்றுகொண்டிருந்தாள். அப்போது பார்த்து எங்கள் ஷெட்டில் ஒருவன் 'தேசிங்கு காலு' என்று கூவினான். எல்லோரும் சிரித்தார்கள். நான் வேகமாக வெளியே போனேன். அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"யாரு காலுண்ணே அது?" என்று கேட்டாள்.

அப்போதும் ஒரு பொய் தொண்டை வரை வந்தது. வேறு யாரோ தேசிங்கு, உனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுத் திதிப் பேச்சுக்குப் போயிருக்கலாம். அவள் கையில் திதிக்கு வாங்க வேண்டிய சாமான் சீட்டு இருந்தது. மேலே உன் பேரை அவளே எழுத்துக் கூட்டி எழுதியிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன். பந்து நகர்ந்ததைச் சொன்னேன், பைப் காம்பைச் சொன்னேன், நீ பொறுடா என்றதைச் சொன்னேன், கழியைச் சொன்னேன். மேஸ்திரி வேலையையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. கத்தவில்லை. கையிலிருந்த சீட்டை மடித்துக்கொண்டே பேசினாள்.

"அவரு போன அன்னிக்கு ரெண்டு கால் கட்டை விரலையும் சேத்துக் கட்டினேன் பாரு, அப்பக்கூட மனசுக்குள்ள அந்தக் காலத் திட்டிட்டேதாண்ணே இருந்தேன். இந்தக் காலு ஒழுங்கா இருந்திருந்தா இவரு வெயில்ல நின்னு செத்திருக்க மாட்டாரேன்னு. பத்து வருசம் திட்டினதெல்லாம் இப்ப யாருகிட்ட போய்த் திருப்பி வாங்கிக்கறது?"

உன்னிடம் பதில் இருந்தால் சொல்லு.

கிளம்பிப் போனவள் நாலு அடியில் திரும்பி வந்தாள். "அவரு எங்க நின்னாரு, எந்தப் பக்கமா நடந்தாரு, எனக்குக் காட்டு. பனி இருக்கிறப்பக் காட்டு. திதிக்கு வேற ஒண்ணும் நீ செய்ய வேணாம்" என்றாள். என் வீட்டுப் பக்கம் அதற்குப் பிறகு அவள் வரவில்லை. நான் போனால் கதவு திறக்கிறது, காபி வருகிறது, பேச்சு வருவதில்லை.

அதனால்தான் இந்தக் கடிதம் மலரில் வர வேண்டும் என்கிறேன். படிப்பகத்தில் நீ இருந்த இடத்தில் இருந்து யாராவது இதை உரக்கப் படிக்கட்டும். பைப் துரை இப்போது கிளப் கமிட்டியில் இருக்கிறார். அவருக்கும் யாராவது படித்துச் சொல்லட்டும். பச்சைத் தொப்பி வேறு ஊருக்குப் போய்விட்டார், நல்லவராகவே இருப்பார். செகரெட்டரியும் மாறிவிட்டார், புதியவர் என்னிடம் மரியாதையாகப் பேசுகிறார். முனுசாமி, உன் கீழே இருக்கிற கேடிகளுக்குக் கிரீன் ஒழுக்கத்தை நீதான் சொல்லித்தர வேண்டும் என்றார் போன வாரம். சரிங்க என்றேன். சொல்லித்தரத்தான் போகிறேன்.

மச்சான், இது என் வாக்கு. உன் திதி அன்று விடிந்ததும் ருக்குவைக் கடைசிக் கிரீனுக்கு அழைத்துப் போவேன். நம் வீட்டுப் பெண்கள் அந்தப் புல்லில் கால் வைத்ததில்லை, அன்று வைப்பாள். அனுமந்தப்பாவிடம் சொல்லிவிட்டேன். "நீனு ஹேளோவரெகூ நானு தட்டல்ல" என்றான் கன்னடத்தில், நீ சொல்கிறவரை தட்ட மாட்டேன் என்று. கேடிகள் எல்லோரையும் ஓரத்தில் நிற்க வைப்பேன். செருப்பை விட்டுவிட்டு, நீ கொடி பிடித்த இடத்திலிருந்து நீ கொடி வைத்த இடம் வரைக்கும், நீ வளைந்த மாதிரியே வளைந்து நடப்பேன். தடம் விழும். இதுதான்டா தேசிங்கு காலு, பந்து அதோ அங்கே இருந்தது, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். அப்புறம் செகரெட்டரியிடம் போய் மேஸ்திரி வில்லையைக் கொடுத்துவிட்டு, அந்தக் காலையில் என்ன பார்த்தேன் என்பதை இப்போதாவது சொல்வேன்.

அதுவரை மூங்கில் கழி என் வீட்டில் இருக்கும். வெயில் ஏறித் தானாகக் காயும்வரை அன்று யாரையும் பனி தட்ட விட மாட்டேன்.

உன் மனைவிக்கு இன்னும் அண்ணன்தானா என்று தெரியாத,
உன் மச்சான்
முனுசாமி